அம்பர் கிரீஸில் கிரீஸ் இல்லை

கேள்வி இது: “தூத்துக்குடிப் பக்கம் பல கோடி ரூபாய் மதிப்புள்ள அம்பர் கிரீஸ் பிடிபட்டது என்று அடிக்கடி செய்தி வருகிறது. திமிங்கலத்தின் வயிற்றில் உண்டாகும் மெழுகு மாதிரியான பொருள் என்கிறார்கள். அந்தப் பெயரில் இருக்கும் கிரீஸ், வண்டிச் சக்கரத்துக்குப் போடுகிற கிரீஸ்தானா? அம்பர் என்பது மோதிரத்தில் பதிக்கிற மஞ்சள் கல் ஆயிற்றே, அது எப்படித் திமிங்கலத்தோடு சேர்ந்தது? நம்முடைய அம்பரம் என்ற சொல்தான் அங்கே போய் அம்பர் ஆனது என்று ஒருவர் சொன்னார். உண்மையா?”

மூன்றுக்கும் பதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. பெயரின் வாலில் நிற்கும் ‘கிரீஸ்’ சுலபம் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தக் கிரீஸுக்கும் வண்டி கிரீஸுக்கும் எந்த உறவும் கிடையாது. ஆங்கிலத்தில் அம்பர்கிரிஸ் என்பது பிரெஞ்சிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்ட கூட்டுச்சொல். ‘ஆம்ப்ர்’ என்றால் அம்பர், ‘கிரி’ என்றால் சாம்பல் நிறம். எழுத்தில் கடைசியில் ஸகரம் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் அதை உச்சரிப்பதில்லை. பிரெஞ்சில் நிறத்தைக் குறிக்கும் அடைமொழி பெயருக்குப் பின்னால்தான் வரும். நாம் ‘சாம்பல் அம்பர்’ என்போம், அவர்கள் ‘அம்பர் சாம்பல்’ என்பார்கள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லைத் தங்கள் மொழிக்கு மாற்றாமல் முழுசாக வாங்கிக்கொண்டார்கள். நாளடைவில் இரண்டு சொற்களும் ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டன.

பிரெஞ்சுக்கும் அந்த நிறச்சொல் சொந்தம் கிடையாது. ஃபிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தவர் பேசிய மொழியிலிருந்து வந்தது. இன்றைய ஜெர்மனில் ‘கிரைஸ்’ என்றால் நரைத்த கிழவர். ஆங்கிலத்தில் கிரிஸ்லி கரடி என்கிறார்களே, அதன் ரோம நுனிகள் நரைத்தது போல இருப்பதால் வந்த பெயர் அது. அதற்கும் வேர் இதுதான். ஆக, அம்பர்கிரிஸின் வாலில் இருப்பது ஒரு கிழவரின் நரை. வண்டிக்குப் போடும் கிரீஸோ லத்தீனில் ‘தடித்தது, கொழுத்தது’ என்று பொருள்படும் ‘கிராஸுஸ்’ என்ற சொல்லிலிருந்து வருகிறது. இரண்டும் வேறு வேறு குடும்பம்.

இந்தத் தவறு நமக்கு மட்டும் நேர்ந்ததும் கிடையாது. ஆங்கிலேயர்களே பல நூறு வருடங்கள் இதே குழப்பத்தில்தான் இருந்தார்கள். 16, 17ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் இந்தச் சொல்லை ‘அம்பர்-கொழுப்பு’ என்று பொருள் வருகிறபடி எழுதியவர்கள் உண்டு. கிரேக்க நாட்டின் பெயர் வருகிறபடி, ‘கிரேக்க அம்பர்’ என்று எழுதியவர்களும் உண்டு. வாலில் இருந்த பிரெஞ்சு நிறச்சொல் அவர்களுக்குப் புரியவில்லை. கையில் எடுத்தால் பிசுபிசுவென்று இருக்கிற பொருள், பெயரிலும் ஏதோ கிரீஸ் மாதிரி ஒலிக்கிறது. காதில் விழுந்ததைத் தெரிந்த சொல்லோடு சேர்த்துவிட்டார்கள். நம் செய்தித்தாள்கள் ‘அம்பர்’, ‘கிரீஸ்’ என்று இரண்டாக வெட்டி எழுதும்போது, 400 வருடங்களுக்கு முன் லண்டனில் நடந்தது இங்கே தன்னால் மறுபடி நடக்கிறது. ஒலியைக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் கிரிஸ், கிரீஸ் இரண்டு உச்சரிப்புகளும் உண்டு. நடுவில் இடம் விட்டு எழுதுவதில்தான் சிக்கல். அந்த இடைவெளி வாசகரை எண்ணெய்ப் பசைக்குக் கொண்டுபோகிறது.

இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. செம்புப் பாத்திரத்தில் பச்சையாகப் படியும் களிம்பு நமக்குத் தெரியும். அதற்கு ஆங்கிலத்தில் ‘வெர்டிகிரிஸ்’ என்று பெயர். பார்த்தால் அம்பர்கிரிஸின் தம்பி மாதிரி, ‘பச்சைச் சாம்பல்’ என்று தோன்றும். பழைய பிரெஞ்சில் அது உண்மையில் ‘கிரேக்கத்தின் பச்சை’. அந்தக் கிரேக்கத்தைச் சாம்பல் நிறம் என்று பிரெஞ்சுக்காரர்களே தவறாகக் காதில் வாங்கி மாற்றிவிட்டார்கள். அங்கே கிரேக்கம் சாம்பல் ஆயிற்று, இங்கே சாம்பல் கிரேக்கம் ஆயிற்று. சொல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இது.

சரி, அம்பர் என்று மட்டும் சொன்னால் போதாதா? நிறத்தை ஏன் அழுத்திச் சொல்ல வேண்டி வந்தது? உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. மஞ்சள் கல்லின் பெயரைத் திமிங்கலப் பொருளுக்கு வைத்தார்கள் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ். அம்பர் என்பது முதலில் திமிங்கலப் பொருளின் பெயர். கல் அதைப் பிறகு எடுத்துக்கொண்டது.

மூலம் அரபுச் சொல். எழுதும்போது அன்பர் என்று நகர ஒலியோடு எழுதுவார்கள். முதலில் தொண்டையிலிருந்து வரும் ‘அயின்’ என்ற எழுத்து. சொல்லும்போது அம்பர் என்றுதான் சொல்வார்கள். பகரத்துக்கு முன்னால் வரும் ன் ஒலி தன்னால் ம் ஆகிவிடும், அரபில் அது ஒரு விதி. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். எண்பது என்று எழுதி எம்பது என்கிறோம், ஒன்பது என்று எழுதி ஒம்பது என்கிறோம். அதே சங்கதிதான். ஐரோப்பியர்கள் அரபு எழுத்தைப் பார்த்து இந்தச் சொல்லை எடுத்திருந்தால் அன்பர் என்று போயிருக்கும். வாயிலிருந்து எடுத்ததால் லத்தீனில் அம்பர், அம்ப்ரா என்றும், பிரெஞ்சில் ஆம்ப்ர் என்றும், ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆம்பர் என்றும் போயிற்று. தொண்டை ஒலியான அயின் மட்டும் வழியில் உதிர்ந்தது. ஐரோப்பிய நாக்குக்கு அது வரவில்லை.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதன்முதலில் தலைகாட்டியபோது, அது கடலில் கிடைக்கிற வாசனைப் பொருளையே குறித்தது. கல் என்ற பொருள் ஒரு தலைமுறை கழித்து, 1400 வாக்கில்தான் ஆங்கிலத்தில் சேர்ந்தது.

அரபுக்காரர்களுக்கு இந்தப் பொருள் எவ்வளவு பழக்கமானது என்பதற்கு இரண்டு சான்று சொல்கிறேன். நபிமொழித் தொகுப்புகளில் ஒரு படைப்பிரிவின் கதை வருகிறது. உணவு தீர்ந்து, இலைகளை உதிர்த்துத் தின்னும் நிலைக்கு வந்துவிட்ட முந்நூறு பேர் கடற்கரையில் ஒரு பெரிய மீன் ஒதுங்கிக் கிடப்பதைப் பார்க்கிறார்கள்; அதைப் பல நாள் சாப்பிட்டுப் பிழைக்கிறார்கள். அந்த மீனின் பெயர் அன்பர் என்றே அங்கே சொல்லப்படுகிறது. பொருளுக்கும் அதைத் தரும் பிராணிக்கும் அரபில் ஒரே பெயர். இரண்டாவது, 851ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் அரபுக் கடற்பயணக் குறிப்பு. நிக்கோபார்த் தீவு மக்கள் சிறு படகுகளில் வந்து, கப்பல்காரர்களிடம் தேங்காயையும் அம்பரையும் கொடுத்து இரும்பு வாங்கிக்கொள்வார்கள் என்று அது சொல்கிறது. நிக்கோபார் என்றால் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வருகிறதே, அந்தத் தீவுகள்தான். தங்கத்துக்கு நிகராக மதிக்கப்பட்ட பொருளை இரும்புக்கு மாற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். இரும்பே கிடைக்காத தீவில் அரிவாள்தானே பெரிய சொத்து.

பொருளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நிறத்தின் கதை புரியாது. இது எல்லாத் திமிங்கலத்திலும் கிடைக்காது. எண்ணெய்த் திமிங்கலம் என்று சிலர் எழுதுகிற, பெட்டி மாதிரி சதுரத் தலை உள்ள இனம் ஒன்று. அதற்கு மிக நெருங்கிய குட்டை இனம் ஒன்றிலும் சிறிதளவு கிடைத்திருக்கிறது. பெரிய இனத்தின் முக்கிய உணவு கணவாய். நம் மீனவர்கள் கணவாயைச் சுத்தம் செய்யும்போது வாய்ப்பகுதியில் கிளி மூக்கு மாதிரி கெட்டியான ஒன்றை எடுத்துப் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த அலகு செரிக்காது. பெரும்பாலும் திமிங்கலம் அதைக் கக்கிவிடும். சில திமிங்கலங்களில் மட்டும் அந்த அலகுகள் குடலுக்குள் இறங்கிவிடுகின்றன. அவற்றைச் சுற்றிக் குடலில் மெழுகு போன்ற பொருள் படிந்து படிந்து கட்டியாகிறது. 1953இல் ஒரே திமிங்கலத்திலிருந்து சுமார் 420 கிலோ கட்டி எடுத்ததாகப் பதிவு உண்டு.

புதிதாக வெளியே வரும்போது அது கறுப்பாக, மென்மையாக, சாண நாற்றம் அடிக்கிறதாக இருக்கும். உப்புநீரிலும் வெயிலிலும் வருடக்கணக்கில் மிதந்து கிடந்தால் நிறம் வெளுக்கும். கறுப்பு பழுப்பாகி, பழுப்பு சாம்பலாகி, சில சமயம் வெள்ளைக்கே வந்துவிடும். நாற்றம் போய், மண், கடல், பழைய மரம் எல்லாம் சேர்ந்த இனிய வாசனை வரும். ஆகவே சாம்பல் நிறம் என்பது வெறும் அடையாளம் கிடையாது, அது தரத்தின் முத்திரை. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் பிரெஞ்சுக்காரர்களும் இல்லை. யூனானி மருத்துவத்தில் இன்றும் இதற்கு அம்பர் அஷ்ஹப் என்று பெயர். அஷ்ஹப் என்றால் அரபில் நரைத்த வெண்சாம்பல். குதிரையின் நிறத்தைச் சொல்லவும் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள். பிரெஞ்சில் ‘கிரி’ ஒட்டுவதற்கு முன்பே பொருளை நிறத்தோடு சேர்த்துச் சொல்கிற வழக்கம் அரபில் இருந்திருக்கிறது. யூனானிக் கடைகளில் ‘கமீரா காவ்ஸபான் அம்பரி’ என்ற லேகியத்தின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்த அம்பரி இந்த அம்பர்தான்.

இப்போது கல்லுக்கு வருவோம். பால்டிக் கடல் ஓரத்தில், பல கோடி வருடங்களுக்கு முன் மரங்களில் வடிந்து இறுகிப்போன பிசின் கரை ஒதுங்கும். தேன் நிறம், உள்ளே சில சமயம் பூச்சி சிக்கியிருக்கும். ஐரோப்பாவில் அதற்குப் பெயருக்கு ஒரு பஞ்சமும் இல்லை. கிரேக்கர்கள் ‘எலெக்ட்ரான்’ என்றார்கள். துணியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும் என்பதால், 1600இல் வில்லியம் கில்பர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தக் குணத்துக்கு அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்து ஒரு லத்தீன் சொல் செய்தார். மின்சாரத்துக்கான ஆங்கிலச் சொல் அதிலிருந்து பிறந்தது. பழைய ஜெர்மானியர்கள் இந்தக் கல்லை ‘கிளேஸும்’ என்று அழைத்ததாக ரோமானிய எழுத்தாளர் டாஸிடஸ் எழுதினார். கண்ணாடிக்கான ஆங்கிலச் சொல்லான கிளாஸுக்கு அது உறவு. இன்றைய ஜெர்மனில் அது ‘பெர்ன்ஷ்டைன்’, எரியும் கல்.

இத்தனை பெயர் இருந்தும் பிரெஞ்சும் ஆங்கிலமும் அரபுக்காரர்களின் வாசனைப் பொருளுடைய பெயரைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டன. யோசித்துப் பார்த்தால் குழம்பியதில் நியாயம் இருக்கிறது. இரண்டையும் கடல்தான் கொண்டுவந்து கரையில் போடுகிறது. எங்கிருந்து வருகிறது என்று இரண்டைப் பற்றியும் தெரியாது. இரண்டும் கல் மாதிரி இருந்தாலும் கல்லைவிட இலேசு. அம்பர்கிரிஸ் மிதக்கும், பிசின் கல் உப்புத் தண்ணீரில் மிதக்கிறதோ மூழ்குகிறதோ என்கிற அளவில் நிற்கும். சூடு காட்டினால் இரண்டிலும் வாசனை வரும். விலையும் இரண்டுக்கும் அதிகம். பாரிஸில் உட்கார்ந்து, இரண்டையும் சிறு துண்டுகளாக மட்டுமே கண்ட ஒரு வணிகருக்கு ‘இது ஒருவகை, அது இன்னொரு வகை’ என்று தோன்றியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பிரித்துச் சொல்ல வழி வேண்டும் அல்லவா? அதனால் ஒன்றைச் சாம்பல் அம்பர் என்றும், மற்றதை மஞ்சள் அம்பர் என்றும் சொன்னார்கள். நிறம் வாலில் ஒட்டியது இப்படித்தான்.

அப்புறம் நடந்ததுதான் வருத்தமானது. மஞ்சள் அம்பர் நகைக்கடையில் எங்கும் கிடைத்தது. சாம்பல் அம்பர் அரசர்களுக்கும் வாசனைத் தைலக்காரர்களுக்கும் மட்டும் கிடைத்தது. அடிக்கடி சொல்லப்படுகிற பொருளுக்கு அடைமொழி உதிர்ந்துவிடும். மஞ்சள் என்ற அடை உதிர்ந்து, ஆங்கிலத்தில் வெறும் அம்பர் என்றாலே கல் என்று ஆயிற்று. பெயரின் பழைய உரிமையாளன் ‘சாம்பல்’ என்ற வாலைச் சுமந்துகொண்டு வாடகைக்கு இருப்பவன் போல ஆகிவிட்டான். இன்று கேட்பவர்கள், திமிங்கலப் பொருளுக்குக் கல்லின் பெயர் எப்படி வந்தது என்று கேட்கிறார்கள்.

அரபிலும் பாரசீகத்திலும் இந்தக் குழப்பமே இல்லை. கல்லுக்கு அவர்கள் பெயர் ‘கஹ்ருபா’. பாரசீகத்தில் காஹ் என்றால் வைக்கோல், ருபா என்றால் பறிப்பது. வைக்கோல் பறிப்பான்! துரும்பை இழுக்கும் குணத்தை வைத்துச் சூட்டிய பெயர். சமஸ்கிருதத்தில் த்ருணமணி என்பதும் அதே எண்ணம்தான், புல்லை இழுக்கும் மணி. இன்றைய அரபில் மின்சாரத்துக்கு ‘கஹ்ரபா’ என்றே பெயர். கிரேக்கக் கல்லிலிருந்து ஆங்கிலத்துக்கும், பாரசீகக் கல்லிலிருந்து அரபுக்கும், மின்சாரம் ஒரே கல்லின் இரண்டு பெயர்களில் வந்து சேர்ந்திருக்கிறது. ஜெர்மனும் தப்பித்துக்கொண்டது, அங்கே அம்ப்ரா என்றால் திமிங்கலப் பொருள் மட்டும்.

பொருள் எதிலிருந்து வருகிறது என்பதே தெரியாமல் ஐரோப்பாவில் நெடுங்காலம் போயிற்று. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, மடகாஸ்கர்ப் பக்கம் திமிங்கலம் அதிகம், அதனால் அம்பரும் அதிகம் என்று சரியாகச் சொன்னார். ஆனாலும் கடலடி ஊற்றிலிருந்து கசியும் தார் என்றார்கள், கடலில் விழுந்த காட்டுத் தேனடையின் மெழுகு என்றார்கள், பறவை எச்சம் என்றார்கள். பறவை எச்சம் என்று நினைத்ததற்குக் காரணம் உள்ளே இருந்த கணவாய் அலகு. அதைப் பறவையின் அலகு என்று எண்ணிவிட்டார்கள். சீனர்கள் ஒரே போடாக ‘லுங்-ஷியன்-ஷியாங்’ என்றார்கள், டிராகனின் எச்சில் வாசனை. 1755இல் சாமுவேல் ஜான்சன் தமது ஆங்கில அகராதியை வெளியிட்டபோதும் இந்தச் சொல்லின் கீழ் இப்படிப்பட்ட கொள்கைகளை அடுக்க வேண்டியிருந்தது. அதற்கு 31 வருடம் முன்பே, 1724இல், பாஸ்டன் நகரத்து மருத்துவர் பாய்ல்ஸ்டன், திமிங்கல வேட்டைக்காரர்கள் திமிங்கலத்தின் உள்ளேயே இதைக் கண்டெடுத்த செய்தியை லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு எழுதியிருந்தார். 1783இல் ஷ்வேடியாவர் என்ற மருத்துவர் உள்ளே இருப்பவை கணவாய் இனத்தின் அலகுகள் என்று விளக்கிய பிறகுதான் விஷயம் தெளிவாயிற்று.

அதே திமிங்கலத்தில் இன்னொரு மெழுகும் உண்டு, அதன் பெயரும் தவறில் பிறந்தது. தலைக்குள் டன் கணக்கில் இருக்கும் எண்ணெய், ஆறினால் வெள்ளை மெழுகாக உறையும். அதைத் திமிங்கலத்தின் விந்து என்று நினைத்து, லத்தீனில் ‘ஸ்பெர்மா சேட்டி’ என்றார்கள். ஆங்கிலத்தில் அந்தத் திமிங்கலத்துக்கே ஸ்பெர்ம் வேல் என்ற பெயர் வந்தது இதனால்தான். மக்கள் வாயில் இந்தச் சொல்லும் தேய்ந்து ‘பார்மசெட்டி’ ஆனது. இத்தாலியின் பார்மா நகரத்து மருந்து போல ஒலிக்கும். ஷேக்ஸ்பியர் ஒரு நாடகத்தில் உள்காயத்துக்கு மருந்தாக அந்த வடிவத்தைத்தான் எழுதினார். ஒரே பிராணி, இரண்டு மெழுகு, இரண்டு பெயரிலும் மக்கள் காது செய்த வேலை.

இனி அம்பரம். இந்தக் கேள்வியைப் பரிவோடு அணுக வேண்டும், ஏனென்றால் ஆசைப்படக் காரணம் இருக்கிறது. அம்பரம் என்றால் நமக்கு ஆடை, வானம். திருப்பாவையின் ஒரே பாட்டில் ஆண்டாள் ‘அம்பரமே தண்ணீரே’ என்று ஆடையையும், ‘அம்பரம் ஊடறுத்து’ என்று வானத்தையும் சொல்கிறாள். நிகண்டுகளில் அம்பரத்துக்குக் கடல் என்ற பொருளும் உண்டு. கடலில் கிடைப்பது அம்பர், கடல் அம்பரம், ஆக இரண்டும் ஒன்று என்று முடிச்சுப் போடத் தோன்றும். இது ஒலி ஒற்றுமை மட்டும்தான். அம்பரம் சமஸ்கிருதம் வழியாக வந்த சொல், அதன் மூலப்பொருள் சூழ்ந்திருப்பது, ஆடை என்பது போன்றது. அரபுச் சொல்லோ அயின் என்ற எழுத்தில் தொடங்குகிறது, நடுவில் எழுத்தளவில் நகரம் இருக்கிறது. அம்பரத்திலிருந்து போயிருந்தால் இந்த இரண்டும் எங்கிருந்து வந்தன என்று சொல்ல வழியில்லை. சமஸ்கிருத அகராதிகளில் அம்பரத்துக்கு ஒரு வாசனைப் பொருள் என்றும் பொருள் தருகிறார்களே என்றால், அது வணிகத்தோடு மேற்கிலிருந்து வந்து பழைய சொல்லின் மேல் அமர்ந்த பொருள் என்று கொள்வதே பொருத்தம். இதே வரிசையில், தேவர் உணவான அம்ப்ரோசியாவையும் இதோடு சேர்க்கிறார்கள். அதுவும் உறவில்லை. அது ‘சாகாதது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அதற்கு நம் பக்கத்து உறவு அமிர்தம்.

தமிழில் அம்பர் என்ற வடிவம் அரபிலிருந்தே வந்தது, அழகாகப் பொருந்தியும் விட்டது. ம் பக்கத்தில் ப வந்தால் நாம் அரபுக்காரர் சொல்வது போலத்தான் சொல்கிறோம். கூடுதல் எழுத்து எதுவும் தேவைப்படவில்லை. நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் மீனம்பர் என்பார்கள். எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும். கல்லா, கடல் பொருளா என்ற ஐயத்துக்கே இடம் வைக்காமல், பிரெஞ்சுக்காரர்கள் நிறத்தைச் சேர்த்துச் செய்த வேலையை நம் கடைக்காரர்கள் மீனைச் சேர்த்துச் செய்திருக்கிறார்கள்.

அதைவிடப் பழையது ஒன்று உண்டு: ஓர்க்கோலை. பழைய உரைகளில் கடல்படு பொருள் ஐந்து என்று ஒரு வரிசை வரும். ஓர்க்கோலை, சங்கு, பவளம், முத்து, உப்பு. மற்ற நான்கும் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். முதலில் நிற்கிற ஓர்க்கோலையைக் கேட்டால் தமிழ் படித்தவர்களே யோசிப்பார்கள். அகராதிகள் அதற்கு அம்பர் என்றே பொருள் தருகின்றன. முத்துக்கும் பவளத்துக்கும் முன்னால் வைத்து எண்ணப்பட்ட ஒரு பொருளின் பெயர், செய்தித்தாளில் ‘கிரீஸ்’ என்று வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

வாசனைத் தைலக் கடைகளில் அம்பருக்கு மூன்றாவது ஒரு பொருளும் வந்துவிட்டது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்று ஒரு செண்ட் புட்டியில் அம்பர் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அதில் திமிங்கலப் பொருளும் இருக்காது, மஞ்சள் கல்லும் இருக்காது. மத்தியதரைக் கடல் பகுதிச் செடி ஒன்றின் பிசின், வெனிலா, சாம்பிராணி ஆகியவற்றைச் சேர்த்துச் செய்த இனிப்பான வாசனை அது. உண்மை அம்பரின் வாசனையை வேதியியல் வேறு வழியில் பிடித்தது. 1820இல் பெல்டியே, கவாந்து என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் அம்பர்கிரிஸிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து ‘அம்ப்ரெயின்’ என்று பெயரிட்டார்கள். அதே வருடம் சின்கோனா பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தவர்களும் அவர்கள்தான். அம்ப்ரெயினுக்கு வாசனையே கிட்டத்தட்டக் கிடையாது. காற்றும் வெயிலும் பட்டு அது உடையும்போது உண்டாகும் பொருள்களில்தான் வாசனை. அவற்றில் முக்கியமான ஒன்றை 1950 வாக்கில் சுவிட்சர்லாந்தில், சால்வியா இனச் செடி ஒன்றின் சத்திலிருந்து செய்தார்கள். அதன் வணிகப் பெயர்களான அம்ப்ராக்ஸ், அம்ப்ராக்ஸான் இரண்டிலும் அரபு அம்பர் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. பெரிய தைலக் கம்பெனிகள் இன்று பெரும்பாலும் திமிங்கலத்தைத் தேடிப் போவதில்லை என்பது நல்ல செய்தி.

கடைசியாக, தமிழில் எப்படி எழுதலாம்? அம்பர்கிரிஸ் என்று சேர்த்து எழுதுங்கள். அம்பர்கிரீஸ் என்றாலும் தவறில்லை, இடைவெளி மட்டும் வேண்டாம். மீனம்பர் இன்னும் நல்லது. கட்டுரையில் ஒரு முறை ஓர்க்கோலை என்று எழுதி, அடுத்து மீனம்பர் என்று விளக்கினால் பழைய சொல்லுக்கு உயிர் வரும். ‘திமிங்கல வாந்தி’ என்று மட்டும் எழுத வேண்டாம். கட்டி உண்டாவது குடலில். மலத்தோடு வெளியேறுகிறது, அல்லது திமிங்கலம் இறந்த பிறகு வெளியே வருகிறது என்பதுதான் இதை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலோரின் முடிவு. கக்குவது கணவாய் அலகை. அம்பர் அந்த வழியில் வருவதற்குச் சான்று இல்லை. ‘திமிங்கல எச்சம்’ என்று சில பத்திரிகைகள் எழுதுவது அறிவியலோடும் ஒத்துப்போகிறது.

கல்லைச் சொல்லும்போது வெறும் அம்பர் என்று எழுதாமல் அம்பர் கல் என்று எழுதுங்கள். வெறும் அம்பர் மீனுக்கே இருக்கட்டும். கரையில் நடக்கும்போது சாம்பல் நிறத்தில் மெழுகுக் கட்டி ஒன்று தட்டுப்பட்டால், வீட்டுக்கு எடுத்துப் போகாமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். பார்த்த இடத்தையும், உடைந்த பக்கத்தில் கறுப்பாகக் கணவாய் அலகு தெரிகிறதா என்பதையும் குறித்துச் சொன்னால் அவர்களுக்கு உதவியாக இருக்கும்.